ஆங்கிலத் தேர்வும் நாம் கடந்து வந்த வழியும்

நமது கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், மலருக்கு எதனை எழுதினால் நம் இளைஞர்க்குப் பயன்படும் என்று எண்ணிப் பார்த்தோம். வாழ்த்துரைகளும் நிழற்படங்களும் மலருக்கு அழகு சேர்க்கும். ஆயினும், பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் நாளில் நம் தெருக்களில் முதலில் எழும் கேள்வி ஒன்று உண்டு. "இங்கிலீசில் தேறிவிட்டானா?" என்பதே அது. கணக்கிலும் அறிவியலிலும் நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளை, ஆங்கிலம் என்னும் ஒரு பாடத்தில் 35ஐத் தொடாமையால் படிப்பை விட்டுக் கூலி வேலைக்குச் சென்ற செய்தி நம்மில் எக்குடும்பத்திற்கும் புதியதன்று.

காரணம் கேட்டால், "நமக்கு ஆங்கிலம் வராது" என்று பெற்றோர் சொல்கின்றனர். அதனைக் கேட்டுக் கேட்டுப் பிள்ளைகளும் சொல்கின்றனர். இச்சொல்லில் உண்மை உண்டா என்பதனை வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆங்கிலம் நமக்கு வராத மொழியன்று. வரவிடாமல் தடுக்கப்பட்ட மொழி. இவ்வேறுபாட்டை உணர்ந்த மாணவன் அச்சத்தை விட்டொழிப்பான். அச்சம் நீங்கிய பின் எஞ்சுவது முயற்சியும் முறையுமே. அவ்விரண்டையும் பற்றி இக்கட்டுரையின் பிற்பகுதியில் கூறுவோம்.

வாயில் அமைந்த வரலாறு

1835ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் மெக்காலே தம் கல்விக் குறிப்பினை எழுதினார். அடுத்த மாதமே தலைமை ஆளுநர் பெண்டிங், அரசின் கல்விப் பணம் ஆங்கிலக் கல்விக்கே செலவிடப்படும் என ஆணையிட்டார். 1844இல் ஆர்டிஞ்சு பிரபு, அரசுப் பணிகளுக்கு ஆங்கிலம் கற்றோர்க்கே முன்னுரிமை என அறிவித்தார். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது; அதன் நுழைவுத் தேர்வில் ஆங்கிலம் கட்டாயப் பாடமாயிற்று. பின்னர் 1911இல் சென்னை மாகாணத்தில் பள்ளி இறுதிச் சான்றிதழ்த் தேர்வு, அதாவது எஸ்.எஸ்.எல்.சி., நடைமுறைக்கு வந்தது. பெயர்கள் மாறின, ஆங்கிலத்தில் தேறினாலன்றி மேலே செல்லவியலாது என்னும் நிலை மாறவில்லை.

இதன் பொருளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பிறப்பினால் மட்டும் பதவி பெற்ற காலத்தில், தேர்வினால் பதவி என்னும் புதிய முறை தோன்றியது. எழுதுவோன் எச்சாதியினன் என்று விடைத்தாள் சொல்வதில்லை. ஆகவே இம்முறை நம்மவர்க்கு நன்மை செய்திருக்க வேண்டும். ஆனால் தேர்வு எழுத வேண்டுமாயின் பள்ளியில் அமர வேண்டுமே! அங்கேதான் கதவு அடைக்கப்பட்டது.

1838இல் சென்னையில் ஸ்காத்துலாந்து மிஷனின் ஆங்கிலப் பள்ளியில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் சேர்ந்திருப்பது தெரிந்தவுடன், அவர்களை நீக்க வேண்டும் என மற்ற மாணவரின் பெற்றோர் கோரினர். பள்ளியை நடத்திய ஜான் ஆண்டர்சன் மறுத்துவிட்டார். மாணவர் பலர் பள்ளியை விட்டு வெளியேறினர். அப்பள்ளியே பின்னாளில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. 1856இல் தார்வாரில் மகர் குலச் சிறுவன் ஒருவன் அரசுப் பள்ளியில் சேர விண்ணப்பித்தபோது, அவனுக்கு இடம் மறுக்கப்பட்டது. பம்பாய் அரசும் அம்மறுப்பை ஏற்றது. ஒருவன் இருந்தால் மற்றவரெல்லாம் போய்விடுவர் என்பதே சொல்லப்பட்ட காரணம். அரசின் பள்ளி எல்லார்க்கும் உரியது என்பது ஏட்டில் இருந்தது, நடைமுறையில் இல்லை.

சமையற்கட்டில் கற்ற ஆங்கிலம்

பள்ளிக் கதவு அடைபட்டிருந்த அக்காலத்திலேயே நம் முன்னோர் ஆங்கிலம் பேசினர் என்பது பலர் மறந்த செய்தி. சென்னையில் வெள்ளையர் இல்லங்களில் சமையற்காரராகவும் பட்லராகவும் ஆயாவாகவும் பணிபுரிந்தோர் பெரும்பாலும் நம்மவரே. சென்னைப் படையின் சேப்பர்ஸ் பிரிவில் சேர்ந்து பாலம் கட்டியவரும் சாலை அமைத்தவரும் நம்மவரில் பலர். 1880களில் கோலார் தங்க வயலில் சுரங்கங்கள் பெருகியபோது வடஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சென்ற தொழிலாளர், ஆங்கிலேய மேற்பார்வையாளரின் மொழியைக் காதால் கேட்டே கற்றனர்.

இவர்கள் பேசிய மொழியை வெள்ளையர் 'பட்லர் இங்கிலீஷ்' என்று எள்ளினர். 1886இல் யூலும் பர்னெலும் வெளியிட்ட 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் அகராதியில் அச்சொல் ஏறிவிட்டது. எள்ளியவர் ஒன்றை எண்ணிப் பார்க்கவில்லை. எழுத்தும் இலக்கணமும் ஆசிரியரும் இன்றி, காதால் கேட்ட சொற்களை மட்டும் கொண்டு ஓர் அயல் மொழியில் அன்றாட அலுவலையெல்லாம் முடித்தவர் அறிவற்றவர் ஆவரோ? மொழியைக் கற்கும் ஆற்றல் நம்மவரிடம் குறைவின்றி இருந்தது. இல்லாதது பள்ளி ஒன்றே. நம்மைப் பற்றிய எள்ளலில் இருந்தும் இச்சான்றை நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கதவைத் தட்டிய பெரியோர்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிலை சிறிது மாறியது. 1893இல் சென்னை அரசு பஞ்சமர் கல்விக்கெனத் தனி ஆணை பிறப்பித்து, அவர்தம் பள்ளிகளுக்குக் கூடுதல் நிதியுதவியும் ஆசிரியர் பயிற்சிக்குச் சலுகையும் அளித்தது. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாறு அருகே ஊரூரில் இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். ஆயினும் இவையெல்லாம் தொடக்கக் கல்வியின் எல்லைக்குள் நின்றவை. உயர்நிலைப் பள்ளியும் ஆங்கிலத் தேர்வும் இன்னும் தொலைவிலேயே இருந்தன.

இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1939இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றுச் சுருக்கத்தில், கோயம்புத்தூரில் தாம் பயின்ற கலாசாலையில் ஏறத்தாழ 400 மாணவருள் பத்துப்பேர் ஒழிய மற்றையோர் பிராமணர் எனக் குறிப்பிட்டுள்ளார். சாதியின் கொடுமைக்கு அஞ்சி, பிற மாணவரோடு நெருங்காமல் ஒதுங்கிப் படித்தவர் அவர். அவரே 1893இல் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். எந்தப் பெயரால் இழித்தார்களோ அந்தப் பெயரையே இதழின் நெற்றியில் எழுதிய துணிவு அது.

அதே 1893இல், ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் மட்டுமன்றி இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. நம் பெரியோர் அதனை எதிர்த்து, 3,412 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தை இங்கிலாந்துப் பாராளுமன்றத்திற்கு அனுப்பினர். தம் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியின் வாயிலையே மிதியாத நிலையில் அவர்கள் ஏன் இதில் தலையிட்டனர்? தேர்வு என்பது அதிகாரத்தின் வாயில் என்பதனையும், ஆயத்தம் செய்ய வாய்ப்புள்ளவர்க்கே அவ்வாயில் திறக்கும் என்பதனையும் அவர்கள் தெளிவாக உணர்ந்திருந்தனர். அவர்கள் எடுத்த நிலைப்பாட்டை இன்று யாரும் எவ்வாறும் மதிப்பிடலாம். அவர்தம் கூரிய அறிவை மறுக்கவியலாது. பின்னாளில் சீனிவாசன் அவர்கள் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்து நம் உரிமைக்கு வழக்குரைத்தார். ஒதுங்கிப் படித்த மாணவர் பேரரசின் அவையில் நின்றதற்கு அவர் கற்ற ஆங்கிலமும் ஒரு துணையாயிற்று.

அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய இதழ் 'தமிழன்' தமிழில் வெளிவந்தது. ஆயினும் ஆங்கிலம், வடமொழி, பாலி முதலிய மொழிகளின் நூல்களை ஆராய்ந்தே அவர் தம் கருத்துக்களை நிறுவினார். எம். சி. ராஜா அவர்கள் இராயப்பேட்டை வெஸ்லி மிஷன் பள்ளியிலும் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். 1920இல் சட்டமன்றம் புகுந்தார். 1922இல் அவர் முயற்சியால் பழைய இழிபெயர்களை நீக்கி 'ஆதிதிராவிடர்' என்றே அரசு ஆவணங்களில் எழுதும் ஆணை பிறந்தது. 1925இல் நம் நிலையை உலகறிய ஆங்கிலத்திலேயே நூல் எழுதினார். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பெயரால் கல்விப் பணியைத் தொடங்கினார். இவர்கள் யாவரும் தமிழை விட்டு ஆங்கிலத்திற்கு ஓடியவர் அல்லர். தமிழில் மக்களிடம் பேசினர். ஆங்கிலத்தில் அரசிடம் பேசினர். நமக்கும் அதுவே வழி.

அண்ணல் ஆங்கிலம் கற்ற முறை

அண்ணல் அம்பேத்கரின் ஆங்கிலப் புலமையைப் போற்றாதார் இலர். அது வானிலிருந்து விழுந்ததன்று. அவர் தந்தை இராம்ஜி சக்பால் படைப்பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். அவர் தம் மகனுக்கு ஹோவார்டின் ஆங்கில வாசக நூல்களையும், மராத்தியிலிருந்து ஆங்கிலத்திற்கு மாற்றிப் பழகும் தர்க்கட்கரின் பாடநூல்களையும் பிழையறக் கற்பித்தார். பம்பாய்ப் பரேலில் ஒற்றை அறை வீடு. பகலில் படிக்க இடமில்லை. தந்தை இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து மகனை எழுப்பிவிட்டுத் தாம் உறங்குவார். மகன் விளக்கொளியில் படிப்பான். மகன் கேட்ட நூல்களை வாங்கக் கையில் பணம் இல்லாதபோது, மணமான பெண்மக்களின் நகைகளைக் கேட்டு வாங்கி அடகு வைத்தார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுக் கொடுத்தார். 1907இல் அம்மகன் மெட்ரிகுலேஷன் தேறினான்.

இதில் நாம் கற்க வேண்டியவை மூன்று. ஒன்று, சில நூல்களை முற்றக் கற்றல். பல நூல்களை மேய்தல் அன்று. இரண்டு, தாய்மொழியிலிருந்து ஆங்கிலத்திற்கு நாள்தோறும் மொழிபெயர்த்துப் பழகுதல். மூன்று, பிள்ளை படிப்பதற்குக் குடும்பமே இடமும் நேரமும் ஒதுக்கித் தருதல். இனி, தேர்வுக்கு வேண்டிய சொல், இலக்கணம், மரபுத்தொடர் ஆகிய மூன்றையும் தனித்தனியே நோக்குவோம்.

சொல் வளம்

அகராதியில் பல்லாயிரம் சொற்கள் இருப்பதைக் கண்டு மலைக்கும் மாணவர் மைக்கேல் வெஸ்ட் என்னும் அறிஞரை அறிதல் வேண்டும். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணிபுரிந்த அவர், வங்கத்துப் பிள்ளைகளுள் பெரும்பாலோர் படிப்பை முடிக்காமலே பள்ளியை விட்டு நீங்குவதைக் கண்டார். ஆயுள் காப்பீட்டை இடையில் நிறுத்தினாலும் கட்டிய பணத்திற்கு ஈடாக ஒரு தொகை கிடைக்கும். அதனைச் 'சரண்டர் மதிப்பு' என்பர். அதுபோல, படிப்பை இடையில் விடும் பிள்ளைக்கும் கற்ற அளவுக்குப் பயன் மிஞ்ச வேண்டும் என்று 1926இல் வெளியான தம் நூலில் வெஸ்ட் வாதிட்டார். ஆகவே அடிக்கடி வரும் சொற்களையே முதலில் கற்பித்து, படிக்கும் ஆற்றலை முதலில் தருதல் வேண்டும் என்றார். 1953இல் ஏறத்தாழ 2,000 தலைச்சொற்கள் கொண்ட பட்டியலையும் வெளியிட்டார். எளிய நூலொன்றில் வரும் சொற்களில் பெரும்பங்கு இப்பட்டியலுக்குள் அடங்கும்.

2,000 சொற்கள் என்பது எட்டாத எண்ணா? நாளுக்கு எட்டுச் சொல்; வாரத்தில் ஆறு நாள்; ஏழாம் நாள் திருப்புதல். வாரத்திற்கு 48 சொற்கள் ஆகும். 42 வாரங்களில் 2,016 சொற்கள் கைவரும். ஒரு கல்வியாண்டின் வேலை இது. ஆனால் சொல்லையும் பொருளையும் மட்டும் எழுதி உருப்போட்டால் மறு வாரமே மறந்துபோகும். ஒவ்வொரு சொல்லையும் ஒரு வாக்கியத்தில் வைத்து எழுதுங்கள். அவ்வாக்கியம் உங்கள் வீட்டையும் ஊரையும் பற்றியதாக இருக்கட்டும்.

ஒரு சொல்லைப் பிரித்துப் பார்க்கவும் பழகுங்கள். 'டச்' என்றால் தொடுதல். 'டச்சபிள்' என்றால் தொடத்தக்க. முன்னே 'அன்' சேர்ந்தால் தொடத்தகாத. பின்னே 'இட்டி' சேர்ந்தால் 'அன்டச்சபிலிட்டி', அதாவது தீண்டாமை. முன்னொட்டு ஒன்று, வேர் ஒன்று, பின்னொட்டு இரண்டு. அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு இச்சொல்லை எழுதி, அதனை ஒழித்துவிட்டதாக அறிவிக்கிறது. 1950ஆம் ஆண்டு ஜனவரி 26 முதல் அச்சட்டம் நடைமுறையில் உள்ளது. இந்த ஒரு சொல்லைப் பிரிக்கத் தெரிந்தவன் இதே முன்னொட்டும் பின்னொட்டும் கொண்ட நூறு சொற்களுக்குத் தானே பொருள் காண்பான்.

வேறொரு சொல்லையும் இங்கே சொல்லியாக வேண்டும். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் முதலிய தமிழ்ச்சொற்கள் ஆங்கிலத்தில் ஏறியுள்ளன. அவற்றோடு 17ஆம் நூற்றாண்டில் 'பரையா' என்ற சொல்லும் ஏறியது. பறையடித்த மக்களின் பெயராகச் சென்ற அச்சொல், நாளடைவில் யாவராலும் ஒதுக்கப்பட்டவனைக் குறிக்கும் பொதுச்சொல்லாயிற்று. இன்றும் ஆங்கிலச் சொற்பட்டியல்களில் அதற்கு அப்பொருளே அச்சாகிறது. அதனைக் காணும் நம் மாணவன் தலைகுனிய வேண்டியதில்லை. ஒரு மக்களின் பெயரை வசைச்சொல்லாக்கியது வழங்கியவர்தம் குறை. அச்சொல்லின் வரலாற்றைத் தேர்வறைக்கு வெளியே எடுத்துச் சொல்லும் அறிவை நம் மாணவன் பெறல் வேண்டும்.

இலக்கணம்

நெடுங்காலம் இந்நாட்டுப் பள்ளிகளில் ஆட்சி செலுத்தியது நெஸ்ஃபீல்டின் இலக்கணம். 1890களில் வெளிவந்த அந்நூல்களை எழுதியவர், வடமேற்கு மாகாணத்தில் கல்வித்துறை இயக்குநராக இருந்தவர். அவரே 1885இல் சாதிமுறையைப் பற்றியும் ஒரு நூல் எழுதி, சாதிக்கு அடிப்படை குருதியன்று, தொழிலே என்று வாதிட்டார் என்பது பலர் அறியாத செய்தி. 1935இல் ரென், மார்ட்டின் இருவர் பெயரால் வந்த உயர்நிலைப் பள்ளி இலக்கணம் இன்றும் மாணவர் கையில் உள்ளது. 1950களில் சென்னை மாநிலத்தில் விதிகளை மனப்பாடம் செய்யும் முறையை விட்டு, வாக்கிய அமைப்புகளை வாயால் சொல்லிப் பழக்கும் முறை புகுந்தது. 1959இல் தொடங்கிய ஆசிரியர் பயிற்சி இயக்கம், சுமார் 27,000 தொடக்கப் பள்ளி ஆசிரியரைப் பயிற்றுவிக்க முனைந்தது. முதலில் சிலர் பயின்று, அவர்கள் பலரைப் பயிற்றுவித்து, அப்பலர் மேலும் பலரைப் பயிற்றுவிக்கும் ஏற்பாடு அது. உருளும் பனிப்பந்து பெருப்பதற்கு ஒப்பிட்டு அதற்குப் பெயரிட்டனர்.

விதி, பழக்கம் என்னும் இரு முறைகளுக்கும் இடம் உண்டு. எம்முறையாயினும் தமிழ் மாணவன் இடறும் இடங்கள் சிலவே. தமிழில் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னே வரும். ஆங்கிலத்தில் முன்னே தனிச்சொல்லாக நிற்கும். 'பள்ளிக்கு' என்பதில் 'கு' பின்னே உள்ளது; ஆங்கிலத்தில் 'டு' முன்னே வருகிறது. தமிழில் வினை இறுதியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வரும். தமிழில் 'வந்தேன்' என்றாலே 'நான்' விளங்கும். ஆங்கிலத்தில் எழுவாயை விட்டால் வாக்கியமே நில்லாது. 'ஏ', 'ஆன்', 'தி' என்பவற்றுக்கு நேரான சொற்கள் நமக்கு இல்லாமையால் அவற்றை விட்டுவிடுகிறோம். இந்நான்கையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எழுதிய ஒவ்வொரு விடையையும் இந்நான்கைக் கொண்டு சரிபாருங்கள். பிழைகள் பெருமளவு குறையும்.

நமக்கு எளியவையும் உள. வருகிறேன், வருகிறாய், வருகிறான், வருகிறாள், வருகிறது, வருகிறார்கள் என்று தமிழில் வினையின் ஈறு எத்தனை வகையாக மாறுகிறது! ஆங்கில நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமைக்கு 'எஸ்' என்னும் ஓரெழுத்து மட்டுமே கூடுகிறது. ஐந்து வயதில் தமிழின் ஈறுகளையெல்லாம் பிழையின்றிப் பேசிய பிள்ளைக்கு இந்த ஓரெழுத்து பெரும் சுமையோ?

செயப்பாட்டுவினையை மாணவர் பலர் வெறும் மதிப்பெண்ணுக்காகப் படிக்கின்றனர். அதன் பயன் பெரிது. செய்வினையில் செய்தவன் முன் நிற்பான். செயப்பாட்டுவினையில் அவன் மறைந்துகொள்ள இயலும். 'முடிவு செய்யப்பட்டுள்ளது', 'நிராகரிக்கப்பட்டுள்ளது' என்று அலுவலகக் கடிதங்கள் வருவதைக் கண்டிருப்பீர்கள். முடிவு செய்தவர் யார், நிராகரித்தவர் யார் என்று கடிதம் சொல்வதில்லை. வாக்கியத்தைச் செய்வினையாக மாற்றிப் பார்க்கத் தெரிந்தவன் அக்கேள்வியை எழுப்புவான். 1892ஆம் ஆண்டின் அரசாணையால் நம் முன்னோர்க்குப் பஞ்சமி நிலங்கள் கிடைத்தன. அவற்றைப் பிற வகுப்பார்க்கு விற்கலாகாது என்னும் காப்பும் இருந்தது. அவ்வாணை ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அதனைப் படித்துப் பொருள் சொல்ல அன்று ஊருக்கு எத்தனை பேர் இருந்தனர்? அந்நிலங்களில் பல இன்று யார் கையில் உள்ளன என்பதனை நீங்கள் அறிவீர்கள். இலக்கணம் மதிப்பெண்ணோடு முடிந்துவிடும் பாடமன்று என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டா.

மரபுத்தொடர்

சொல்லும் இலக்கணமும் தெரிந்தவரையும் திகைக்க வைப்பது மரபுத்தொடர். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தெரியும். சேர்ந்தால் பொருள் வேறாகும். இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. தமிழில் 'கை கழுவினான்' என்றால் கையை நீரால் கழுவினான் என்று மட்டுமா கொள்கிறோம்? 'காது குத்துகிறான்' என்றால் ஏமாற்றுகிறான் என்று பச்சைப் பிள்ளையும் அறியும். மரபுத்தொடர் என்னும் பொருளை நாம் பிறந்த நாள் முதல் அறிவோம்.

ஆகவே ஆங்கில மரபுத்தொடர்களை மூவகையாகப் பிரித்துக் கற்றல் நன்று. முதல் வகை, தமிழோடு ஒத்து வருவன. முதலைக் கண்ணீர், பூனைக்கு மணி கட்டுதல், ஒருவனைக் கை கழுவி விடுதல் ஆகியவற்றுக்கு ஆங்கிலத்தில் நேரான தொடர்கள் உள்ளன. இவற்றை ஒருமுறை பார்த்தாலே போதும். இரண்டாம் வகை, வரலாறு தெரிந்தால் விளங்குவன. 'ரெட் டேப்' என்பது அரசு ஆவணங்களைச் சிவப்பு நாடாவால் கட்டிய வழக்கத்திலிருந்து வந்தது. அலுவலகத் தாமதத்தைக் குறிக்கும். சாதிச் சான்றிதழுக்கு அலைந்த மாணவனுக்கு அதனை விளக்க வேண்டுவதில்லை. 'நள்ளிரவு எண்ணெயை எரித்தல்' என்பது இரவு நெடுநேரம் படித்தலைக் குறிக்கும். பரேலின் ஒற்றை அறையை நினைத்தால் அது மறவாது. மூன்றாம் வகை, வினையோடு சிறுசொல் சேர்ந்து வருவன. 'லுக் ஆஃப்டர்' என்றால் பேணுதல். 'லுக் ஃபார்' என்றால் தேடுதல். 'லுக் டவுன் அப்பான்' என்றால் இழிவாக நோக்குதல். இவ்வகைக்குக் குறுக்கு வழி இல்லை. வாக்கியத்தில் வைத்துப் பழகுதல் ஒன்றே வழி. தேர்வில் மிகுதியாகக் கேட்கப்படுவதும் இவ்வகையே.

தேர்வும் அதற்கு அப்பாலும்

பத்தாம் வகுப்பில் நெடுங்காலம் இரண்டு தாள்களாக இருந்த ஆங்கிலம் 2019-20 கல்வியாண்டில் ஒரே தாளாயிற்று. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகின. ஏற்பாடுகள் மாறலாம். பத்தியைப் படித்துப் பொருள் உணர்தல், வாக்கியத்தைப் பிழையின்றி அமைத்தல், கடிதமும் கட்டுரையும் தாமே எழுதுதல் ஆகியவற்றின் தேவை மாறவில்லை. கைடுகளில் உள்ள கட்டுரையை முழுதும் உருப்போடும் மாணவன், ஒரு வரி மறந்தால் அதற்கு மேல் நகர மாட்டான். ஐந்து எளிய வாக்கியங்களைத் தானே எழுதப் பழகியவன் எவ்வினாவுக்கும் சில மதிப்பெண்ணேனும் பெறுவான். ஆங்கில வழிப் பிரிவில் சேர்த்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருக்கும் பெற்றோரும் இதனை எண்ணுதல் வேண்டும்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியே ஒரு சொல். 1854இல் வெளியான தம் மராத்திக் கவிதை நூலில், ஒடுக்கப்பட்டோர் ஆங்கிலம் கற்க வேண்டும் என்று பாடியவர் சாவித்திரிபாய் பூலே. சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு ஒரு பெண்மணி கண்ட கனவு அது. அக்கனவு நம் இல்லங்களில் நிறைவேற வேண்டுமாயின், மாலையில் மகனுக்கு விளக்கும் மகளுக்கு அடுப்பும் என்னும் பங்கீடு ஒழிய வேண்டும்.

இளைஞர்களே! உங்களுக்கு முன் சென்றவர்க்குப் பள்ளியே மறுக்கப்பட்டது. உங்களுக்குப் பள்ளி உண்டு, நூல் உண்டு, மாலை வகுப்பு உண்டு. ஆங்கிலம் தெரிந்ததால் ஒருவன் உயர்ந்தவனாகிவிடுவதில்லை. தெரியாததால் தாழ்ந்தவனும் அல்லன். ஆயினும் நம் வழக்கை நாமே எடுத்துரைக்கவும், நமக்கு வரும் கடிதத்தை நாமே படிக்கவும், மேற்படிப்பின் வாயிலை நம் கையால் திறக்கவும் அது வேண்டும். முன்பு சொன்ன பயிற்சி இயக்கத்தின் வழியை நாமும் மேற்கொள்ளலாம். தேர்வில் தேறிய ஒவ்வொருவரும் தம் தெருவில் தேர்வெழுதவிருக்கும் இருவரைத் தேர்ந்துகொண்டு, நாள்தோறும் அரைமணி நேரம் அவர்களோடு அமர்ந்து எட்டுச் சொற்களும் ஐந்து வாக்கியங்களும் கற்பிக்க வேண்டும் என இவ்வெள்ளி விழா ஆண்டில் வேண்டிக்கொள்கிறோம். அடுத்த ஆண்டு அவ்விருவரும் நால்வரைத் தேடிச் செல்லட்டும்.